எல்இடி விளக்குக்கு டிம்மர்: விளக்கைத் தேர்ந்தெடுப்பது முதல் சுவரில் பொருத்துவது வரை

தீபாவளி நெருங்கினால் மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் சீலிங் வேலை நடக்காத தெருவே இருக்காது. பிளாஸ்டர் சீலிங் போடுகிறார்கள், டவுன்லைட் பத்துப் பன்னிரண்டு மாட்டுகிறார்கள், எல்லாம் முடிந்த பிறகு டிவி பார்க்கும் நேரத்தில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு டிம்மரை வாங்கி வந்து வயர்மேன் கையில் கொடுக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விளக்கு மினுக்குகிறது, சுவருக்குள் ரீங்காரம் கேட்கிறது, குறைத்துக்கொண்டே போனால் பாதியில் பட்டென்று அணைகிறது. வேலை கற்றுக்கொள்ளும் பையன்கள் வயரிங்கில் ஏதோ தப்பு என்று நினைத்து அந்தச் சுவிட்சையே திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வயரில் தப்பு இருப்பது குறைவு. விளக்கைப் பார்க்காமல் டிம்மரை வாங்கியதுதான் பெரும்பாலும் காரணம்.

அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் விளக்கு, அப்புறம் வாட் கணக்கு, அப்புறம் சுவர்ப் பெட்டிக்குள் என்ன வயர் இருக்கிறது என்பது, இவ்வளவும் தெரிந்த பிறகுதான் டிம்மர்.

1. யார் எந்த வேலையைச் செய்வது

மலேசியாவில் வீட்டு வயரிங்கைத் தொட, சுருஹான்ஜாயா தெனாகா என்கிற எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் வேண்டும். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரக்கையோடு, வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று அதைத் தொட்டால் இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

விளக்கைத் தேர்ந்தெடுப்பது, கணக்குப் போடுவது, டிம்மர் வாங்குவது, கடைசியில் வெளிச்சத்தைச் சரிசெய்து பார்ப்பது எல்லாம் வீட்டுக்காரர் வேலை. சுவிட்சைத் திறப்பதும் வயரை முடுக்குவதும் வயர்மேன் வேலை. பொருத்தும் பகுதியையும் விவரமாகவே எழுதியிருக்கிறேன். புதிதாகத் தொழில் கற்பவருக்கு அது உதவும், பக்கத்தில் நின்று பார்க்கும் வீட்டுக்காரருக்கும் எது ஒழுங்கு எது அவசரம் என்று தெரியும்.

2. விளக்கின் பெட்டியைப் படியுங்கள்

எல்இடி விளக்கு நேராக 230 வோல்ட்டில் எரிவதில்லை. அதற்குள்ளோ பக்கத்திலோ டிரைவர் என்று ஒரு சின்ன மின்னணுப் பெட்டி இருக்கிறது. அதுதான் மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறது. சுவர் டிம்மர் செய்வது மின் அலையின் ஒரு பகுதியை வெட்டி அனுப்புவது. வெட்டப்பட்ட அலையைப் புரிந்துகொண்டு வெளிச்சத்தைக் குறைக்கும் திறன் டிரைவருக்கு இருக்க வேண்டும். சாதாரண டிரைவருக்கு அது கிடையாது. வெட்டப்பட்ட அலை வந்தாலும் முழு வெளிச்சம் தரவே அது பாடுபடும், முடியாத கட்டத்தில் அணையும், மறுபடி எரியும். நாம் மினுக்குகிறது என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஆகவே பெட்டியிலும் டிரைவரின் மேலும் டிம் செய்யலாம் என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். எதுவும் எழுதவில்லை என்றால் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் "எல்லாம் டிம் ஆகும்ணே" என்றால், ஒன்றை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

நம் பக்கம் அதிகமாக மாட்டப்படும் ஒரு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுவிட்சை அணைத்து உடனே போட்டால் வெள்ளை, மஞ்சள், நடுத்தரம் என்று நிறம் மாறும் மூன்று கலர் டவுன்லைட். விலை குறைவு, பார்க்கவும் நன்றாக இருக்கிறது, அதனால் பாதி தாமானில் அதுதான். ஆனால் மின்சாரம் ஒரு நொடி விட்டு வருவதைத்தான் அது நிறம் மாற்றச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. டிம்மரோடு இணைத்தால் வெளிச்சத்தைக் குறைக்கும்போது நிறம் தானாக மாறும், பத்து விளக்கில் மூன்று மட்டும் வேறு நிறத்தில் நிற்கும், டிரைவரும் சீக்கிரம் போய்விடும். இந்த விளக்கு ஏற்கெனவே சீலிங்கில் இருந்தால், டிம்மர் வாங்கும் பணத்தை முதலில் விளக்கு மாற்றச் செலவு செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வழியில்லை.

போனில் கட்டுப்படுத்தும் வைஃபை பல்பும் சுவர் டிம்மரோடு சேராது. அதற்குள் இருக்கும் மின்னணுவுக்கு எப்போதும் முழு மின்சாரம் வேண்டும். பழைய குழல் விளக்கை எடுத்துவிட்டு மாட்டிய எல்இடி டியூபும் அநேகமாக டிம் ஆகாத வகைதான்.

இன்னொன்று: ஒரே டிம்மரின் கீழ் வரும் விளக்குகள் அத்தனையும் ஒரே மாடலாக இருக்கட்டும். இரண்டு கம்பெனி விளக்கைக் கலந்தால் ஒன்று சீக்கிரம் மங்கும், மற்றது தாமதமாக மங்கும், கூடத்தில் ஒரு மூலை மட்டும் வெளிச்சமாகத் தெரியும்.

3. எந்த வகை டிம்மர் என்று முடிவு செய்யுங்கள்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 100 தடவை அரை அலை வந்து போகிறது. ஒவ்வொரு அரை அலையிலும் எந்தப் பகுதியை டிம்மர் வெட்டுகிறது என்பதை வைத்து இரண்டு வகை.

முதல் வகை அலையின் தொடக்கத்தை வெட்டும். லீடிங் எட்ஜ் என்பார்கள், உள்ளே டிரையாக் என்ற மின்னணுச் சுவிட்ச் இருக்கும். பழைய குண்டு பல்புக்காக வந்தது, இன்றும் ஹார்ட்வேர் கடையில் மலிவாகத் தொங்குவது இதுதான். அரை அலையின் நடுவில் மின்சாரத்தைத் திடீரென்று திறந்துவிடுவதால், எல்இடி டிரைவருக்குள் இருக்கும் மின்தேக்கி ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய மின்னோட்டத்தை இழுக்கிறது. ரீங்காரமும் டிம்மர் சூடாவதும் அதனால்தான்.

இரண்டாவது வகை அலையின் முடிவை வெட்டும். டிரெய்லிங் எட்ஜ். மின்சாரம் சுழியத்திலிருந்து மெதுவாக ஏறி, பிறகு நறுக்கப்படுகிறது. டிரைவருக்கு அதிர்ச்சி இல்லை, சத்தமும் குறைவு. வீட்டு எல்இடிக்கு என் பரிந்துரை இதுதான். விலை கூடத்தான் இருக்கும், ஆனால் மலிவானதை வாங்கி மறுபடி ஒரு தடவை வயர்மேனைக் கூப்பிடும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதில்லை.

இரண்டு வகையாகவும் மாற்றி அமைக்கக்கூடிய டிம்மரும் இருக்கிறது. விளக்கு எது என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் அது பயன்படும். சில விளக்குகளின் பெட்டியில் எந்த வகை டிம்மர் வேண்டும் என்றே எழுதியிருப்பார்கள். எழுதியிருந்தால் அதுவே கடைசி வார்த்தை, என் பரிந்துரையை விட்டுவிடுங்கள்.

மின்விசிறி ரெகுலேட்டரை விளக்குக்குப் போடவே கூடாது. பார்க்க ஒரே மாதிரி குமிழ், பெட்டியும் ஒரே அளவு, அதனால் வீட்டில் சும்மா கிடக்கும் ரெகுலேட்டரை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். விளக்கு டிம்மரை மின்விசிறிக்குப் போடுவதும் அதே அளவு தவறு. மோட்டார் முனகும், சூடாகும்.

4. வாட் கணக்கு, இரண்டு பக்கமும்

டிம்மரின் மேல் இரண்டு எண் இருக்கும். அதிகபட்சச் சுமை ஒன்று, குறைந்தபட்சச் சுமை ஒன்று. எல்லோரும் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். எல்இடியில் தொந்தரவு தருவது இரண்டாவதும்தான்.

அதிகபட்சத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல டிம்மரில் குண்டு பல்புக்கு இத்தனை வாட், எல்இடிக்கு இத்தனை வாட் என்று தனித்தனியாக எழுதியிருக்கும். எல்இடி எண்ணை மட்டும் பாருங்கள். ஒரே ஒரு எண்தான் இருக்கிறது, 400 வாட் என்று போட்டிருக்கிறது, வகை லீடிங் எட்ஜ் என்றால், எல்இடிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 வாட் என்று கணக்கு வைப்பது தொழிலில் இருக்கும் வழக்கம். காரணம் மேலே சொன்ன அந்தத் திடீர் மின்னோட்டம்தான். விளக்கு சராசரியாக இழுப்பது கொஞ்சம், நொடிக்கு 100 தடவை அடிக்கும் உச்சமோ பல மடங்கு.

ஒரு கூடத்தை வைத்துப் பார்ப்போம். 12 வாட் டவுன்லைட் 8. மொத்தம் 96 வாட். 400 வாட் டிம்மருக்கு இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். 40 வாட் விதியை வைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் சுமை. அந்த டிம்மர் முதல் நாள் வேலை செய்யும், பிறகு ஒருநாள் முழு வெளிச்சத்திலேயே சிக்கிக்கொள்ளும், குமிழைத் திருகினாலும் குறையாது. டிரையாக் எரிந்து ஷார்ட் ஆனால் அப்படித்தான். இதே கூடத்துக்கு எல்இடி 150 வாட் என்று எழுதிய டிரெய்லிங் எட்ஜ் டிம்மர் சரியாகப் பொருந்தும். எப்போதும் எழுதியிருப்பதில் 80 விழுக்காட்டுக்குள் நில்லுங்கள். நம் ஊர் வெயிலில் மேற்குப் பார்த்த சுவர் மாலையில் தொட்டாலே சுடும், அதற்குள் புதைந்திருக்கும் டிம்மருக்கு அந்த இடைவெளி தேவை.

சில டிம்மரில் வாட்டுக்குப் பதில் வோல்ட்-ஆம்பியர் என்று இருக்கும். அப்போது விளக்கின் பவர் ஃபேக்டர் எண்ணால் வாட்டை வகுக்க வேண்டும். பவர் ஃபேக்டர் 0.5 உள்ள 12 வாட் விளக்கு 24 வோல்ட்-ஆம்பியர் எடுக்கும். 8 விளக்குக்கு 192. மலிவு விளக்குகளில் 0.5 சாதாரணம், ஆகவே எண் எழுதியிருக்கவில்லை என்றால் இரட்டிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது குறைந்தபட்சம். பழைய வகை டிம்மரில் 40 வாட், 60 வாட் என்று இருக்கும். சாமி அறையில் ஒரே ஒரு 7 வாட் விளக்கு. இரவு முழுக்க மங்கலாக எரியட்டும் என்று டிம்மர் கேட்பார்கள். 40 வாட் தேவைப்படும் டிம்மரில் 7 வாட் விளக்கைப் போட்டால், டிரையாக் திறந்த நிலையில் நிற்கத் தேவையான மின்னோட்டம் கிடைக்காமல் அது பாதியில் மூடிக்கொள்ளும், விளக்கு துடிக்கும். இந்த மாதிரி இடத்துக்குக் குறைந்தபட்சம் 5 வாட்டோ அதற்கும் கீழோ போட்ட டிம்மராகத் தேட வேண்டும். என்னைக் கேட்டால் சாமி அறைக்கு டிம்மரே வேண்டாம். தனியாக ஒரு சின்ன 1 வாட் விளக்கு, தனிச் சுவிட்ச். செலவும் குறைவு.

5. சுவர்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

டிம்மர் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. எம்சிபியை, அதாவது அந்த விளக்கு வரிசைக்கு மின்சாரம் தரும் தானியங்கிச் சுவிட்சை அணைத்து, கரண்டு இல்லை என்று சோதித்துவிட்டு (எப்படி என்று 7ஆம் பகுதியில் சொல்கிறேன்) வயர்மேன் பழைய சுவிட்சைக் கழற்றிப் பார்க்கட்டும். மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

பெட்டியின் ஆழம். நம் வீடுகளில் 3க்கு 3 அங்குலப் பெட்டிதான். சாதாரண சுவிட்ச் 16 அல்லது 25 மில்லிமீட்டர் ஆழத்தில் அடங்கிவிடும். டிம்மரின் பின்பக்கம் தடிமனானது, 35 மில்லிமீட்டர் கேட்பவை நிறைய. ஆழம் போதாத பெட்டியில் அழுத்தித் திருகினால் வயர் நசுங்கும். பழைய தோட்டத்து வீடுகளில் பலகைச் சுவரின் மேல் பெட்டி வைத்து வயரை வெளியிலேயே ஓட்டியிருப்பார்கள்; அங்கே ஆழமான பெட்டியாக மாற்றுவது ஐந்து நிமிட வேலை. செங்கல் சுவரில் கொத்த வேண்டும், பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே கொத்திவிடுங்கள்.

நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர், இருக்கிறதா. பெரும்பாலான வீடுகளில் விளக்குச் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வராது. லைவ் (மின்சாரம் கொண்டு வரும் வயர்) வரும், விளக்குக்குப் போகும் வயர் போகும், அவ்வளவுதான். சாதாரண இரண்டு வயர் டிம்மருக்கு அது போதும். போனில் கட்டுப்படுத்தும் டிம்மர்களில் பலவற்றுக்கு நியூட்ரல் கட்டாயம். இல்லாத பெட்டிக்கு அதை வாங்கி வந்துவிட்டு, எர்த் வயரை (கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் வயர்) நியூட்ரலாகப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. எர்த்தில் மின்னோட்டம் ஓடினால், கசிவைக் கண்டு கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி விழும். எர்த் எங்காவது அறுந்திருந்தால் அந்த வழியில் இருக்கும் உலோகம் எல்லாம் ஷாக் அடிக்கும்.

எர்த் இருக்கிறதா. டிம்மரின் முகப்பு உலோகம் என்றால் எர்த் கட்டாயம். பழைய வீட்டில் விளக்கு வயரோடு எர்த் ஓடவில்லை என்றால் பிளாஸ்டிக் முகப்பு வாங்குங்கள்.

பெட்டிக்குள் எறும்புக் கூடு, பல்லி முட்டை, துரு இருந்தால் இப்போதே சுத்தம் செய்துவிடுங்கள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் இது ரொம்பச் சாதாரணம். வயர் வரும் குழாயின் வாயை அடைக்காவிட்டால் மறுபடி வரும்.

6. கடையில்

இப்போது வாங்கலாம். கையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: விளக்கின் மாடல், எத்தனை, மொத்த வாட், பெட்டியின் ஆழம், நியூட்ரல் உண்டா இல்லையா, ஒருவழியா இருவழியா (அந்த விளக்குக்கு ஒரு இடத்தில் சுவிட்சா, இரண்டு இடத்திலா). இந்தச் சீட்டோடு போனால் கடைக்காரர் சரியானதை எடுத்துத் தருவார், "ஒரு டிம்மர் கொடுங்க" என்று கேட்டால் கைக்கு எட்டியதைத்தான் தருவார்.

மலேசியத் தர நிறுவனமான சிரிமின் லேபல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் வரும் மலிவுச் சரக்கில் பல 110 வோல்ட் நாட்டுக்காகச் செய்தவை, முகப்பும் நம் பெட்டியில் உட்காராது. விளக்கு கம்பெனிகள் எந்த டிம்மரோடு தங்கள் விளக்கைச் சோதித்தார்கள் என்று பட்டியல் வெளியிடுவதுண்டு. இருந்தால் அதிலிருந்து தேர்ந்தெடுப்பதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஒரு டிம்மர், ஒரு விளக்கு மட்டும் முதலில் வாங்கிப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு விளக்கில் மினுக்கினால் அது குறைந்தபட்சச் சுமை போதாததாலும் இருக்கலாம், எனவே அந்த எண்ணைத் தாண்டும் அளவுக்கு விளக்கை மாட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

7. கரண்டை அடைத்துச் சோதிப்பது

எம்சிபிகள் எல்லாம் இருக்கும் டிபி பெட்டியில் அந்த விளக்கின் எம்சிபியை இறக்குங்கள். விளக்கு வரிசைக்கு 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபி இருக்கும். எது என்று சந்தேகம் இருந்தால் மெயினையே இறக்குங்கள். இறக்கிய எம்சிபியின் மேல் டேப் ஒட்டுங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விசிறி நின்றுவிட்டதே என்று யாராவது போய் எம்சிபியைத் தூக்கிவிடுவார்கள், இது நடக்கிற காரியம்.

பிறகு சோதனை. டெஸ்டரை முதலில் கரண்டு இருக்கும் ஒரு பிளக் பாயிண்டில் வைத்து அது வேலை செய்கிறது என்று உறுதி செய்யுங்கள். அடுத்து சுவிட்ச் பெட்டியின் ஒவ்வொரு வயரையும் சோதியுங்கள். மறுபடி அதே பிளக் பாயிண்டில் ஒரு தடவை. நடுவில் டெஸ்டர் செத்துப்போயிருந்தால் "கரண்டு இல்லை" என்று அது சொன்னது பொய், அதற்காகத்தான் மூன்றாவது சோதனை. டெஸ்ட் பென்னை மட்டும் நம்பக் கூடாது, இரண்டு முனை டெஸ்டரோ மீட்டரோ வேண்டும்.

8. எந்த வயர் எது

பழைய சுவிட்சைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுங்கள், வயரில் டேப் ஒட்டிக் குறி போடுங்கள்.

நம் நாட்டில் வீட்டு வயரிங்கில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை என்பது பழகிய முறை. மூன்று ஃபேஸ் வரும் வீட்டில் மஞ்சளும் நீலமும்கூட லைவ்தான். ஆனால் விளக்கோடு வரும் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். இந்த நீலத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்: டிரைவரில் நியூட்ரல், சுவரில் லைவ். அதோடு, சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் வயர் என்ன நிறம் என்பது அன்று வேலை செய்தவர் பையில் என்ன மிச்சம் இருந்தது என்பதைப் பொறுத்தது. நிறத்தைப் பார்த்து ஊகம் செய்யுங்கள், மீட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முனைகளைத் தனித்தனியாகப் பிரித்து இன்சுலேட் செய்துவிட்டு, வயர்மேன் எம்சிபியைத் தூக்கி மீட்டரில் பார்க்கும்போது, எர்த்துக்கு 230 வோல்ட் அளவில் காட்டுவது வரும் லைவ். மற்றது விளக்குக்குப் போவது. உடனே எம்சிபியை இறக்கி, மறுபடி சோதித்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

ஒரே முனையில் இரண்டு சிவப்பு வயர் சேர்த்து முடுக்கியிருந்தால், ஒன்று வருவது, மற்றது அடுத்த சுவிட்சுக்குத் தாவிப் போவது. ஒன்றை மட்டும் டிம்மரில் கொடுத்துவிட்டால் அடுத்த அறை விளக்கு செத்துவிடும், பிறகு அதைத் தேடி வீடு முழுக்கச் சுற்ற வேண்டும்.

9. பொருத்துவது

டிம்மரில் லைவ் முனைக்கு எல் என்ற எழுத்து, விளக்குக்குப் போகும் முனைக்கு அலைக்குறியோ வெளியே செல்லும் அம்புக்குறியோ இருக்கும். வரும் லைவை முதலாவதில், விளக்கு வயரை இரண்டாவதில். இரண்டு வயர் டிம்மருக்கு இவ்வளவுதான்.

இங்கே மிக மோசமான தவறு ஒன்று நடக்கிறது. பெட்டியில் நியூட்ரல் இருப்பதைப் பார்த்ததும், "இரண்டு முனை இருக்கிறது, லைவும் நியூட்ரலும்தானே" என்று அதில் ஒன்றில் நியூட்ரலைக் கொடுத்துவிடுவது. இரண்டு வயர் டிம்மர் விளக்கோடு வரிசையாக நிற்க வேண்டிய பொருள். லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் நேராக நின்றால், போட்ட நொடியில் ஷார்ட். எம்சிபி விழும், டிம்மர் போகும்.

விளக்கு வயரிங் வழக்கமாக 1.5 சதுர மில்லிமீட்டர். தாவும் வயரோடு சேர்த்து இரண்டு மூன்று வயர் டிம்மர் முனையில் நுழையாவிட்டால், கனெக்டரில் எல்லாவற்றையும் சேர்த்து, அதிலிருந்து ஒரே ஒரு சின்ன வயரை டிம்மருக்குக் கொண்டு வாருங்கள். திணிக்க வேண்டாம். முடுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. தளர்ந்த முனை சூடாகும், மினுக்கலுக்கும் அது ஒரு காரணம்.

எர்த்தைப் பெட்டியிலும், உலோக முகப்பு என்றால் முகப்பிலும் கொடுங்கள். வயரை மடித்து ஓரமாக உட்கார வைத்து, டிம்மரைக் கையால் தள்ளினாலே சுவரோடு சேர வேண்டும். திருப்புளியால் இழுத்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்றால் உள்ளே ஏதோ நசுங்குகிறது.

வீட்டு வயரிங்குக்கு இன்சுலேஷன் சோதனை செய்வதாக இருந்தால் டிம்மரை மாட்டும் முன் செய்துவிடுங்கள். 500 வோல்ட் சோதனை டிம்மரையும் டிரைவரையும் கொன்றுவிடும்.

10. மாடிப்படிக்கு

கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என்று இருந்தால் ஒரு முனையில் மட்டும் டிம்மர், மறுமுனையில் பழைய இருவழிச் சுவிட்சே இருக்கட்டும். டிம்மர் இருவழிக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சாதாரண டிம்மர் போட்டால் ஒன்று வெட்டிய அலையை மற்றது மறுபடி வெட்டும், எதுவும் சரியாக வராது.

பழைய சுவிட்சில் காமன் (பொது) முனையில் இருந்த வயர்தான் முக்கியம். கழற்றும் முன் அதற்குத் தனிக் குறி போடுங்கள். அதை விட்டுவிட்டால் ஒரு சுவிட்ச் ஒரு நிலையில் இருக்கும்போது மட்டும் விளக்கு எரியும்.

11. குறைந்தபட்ச வெளிச்சத்தை அமைப்பது

பாதிப் பேர் தவிர்த்துவிடும் படி இது, ஆனால் நல்ல வேலைக்கும் சுமாரான வேலைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். நல்ல டிம்மரில் குமிழைக் கழற்றினால் சின்னத் திருகு ஒன்றோ, அல்லது பட்டனை அழுத்திப் பிடித்து அமைக்கும் முறையோ இருக்கும். விளக்கு எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. திருகைத் தொடும் முன் அது கரண்டு இல்லாத பக்கம் என்று டிம்மரின் காகிதத்தைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லா விளக்கையும் மாட்டி, முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் எரியவிடுங்கள். பிறகு கடைசி வரை குறையுங்கள். ஏதாவது ஒரு விளக்கு துடித்தாலோ அணைந்தாலோ திருகைக் கொஞ்சம் கூட்டுங்கள். துடிப்பு நின்றதும் இன்னும் ஒரு துளி கூட்டி நிறுத்துங்கள். இப்போது முக்கியமான சோதனை: அதே குறைந்த நிலையில் வைத்தபடி அணைத்து, மறுபடி போடுங்கள். எல்லா விளக்கும் ஒன்றாக எரிய வேண்டும். ஒன்று தாமதித்தால் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். இரவில் இன்னொரு தடவை இதைச் செய்து பாருங்கள், பகல் வெளிச்சத்தில் துடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

மீட்டரில் கால் பங்காகக் குறைந்த வெளிச்சம் கண்ணுக்குப் பாதியாகத்தான் தெரியும். அதனால் "இன்னும் குறையவில்லையே" என்று திருகை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டாம். குண்டு பல்பு மாதிரி மங்கும்போது மஞ்சளாகவும் மாறாது. அப்படி வேண்டும் என்றால் அதற்கென்று செய்த விளக்கு வாங்க வேண்டும்.

12. கார்னிஸ் ஸ்டிரிப் விளக்கு

சீலிங் ஓரத்தில் ஒளித்து வைக்கும் ஸ்டிரிப்புக்குக் கணக்கு வேறு. 12 அல்லது 24 வோல்ட் ஸ்டிரிப் என்றால் டிரைவருக்கும் ஸ்டிரிப்புக்கும் நடுவில் அதற்கான சின்ன டிம்மரைப் போடுவதே எளிது, டிரைவர் சாதாரணமானதாக இருக்கலாம். சுவர் டிம்மர்தான் வேண்டும் என்றால் டிம் செய்யக்கூடிய டிரைவர் வாங்குங்கள். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். சுருளாக வெட்டி விற்கும் 230 வோல்ட் ஸ்டிரிப்பில், டிம் ஆகும் என்று எழுதியிருந்தால் ஒழிய, சுவர் டிம்மர் வேண்டாம்.

13. இன்னும் சரியில்லை என்றால்

முதலில் டிம்மரை எடுத்துவிட்டுச் சாதாரணச் சுவிட்சை மாட்டிப் பாருங்கள். அப்போதும் மினுக்கினால் டிம்மர் குற்றவாளி இல்லை. நம் நாட்டில் 230 வோல்ட் என்பது 216 முதல் 253 வரை இருக்கலாம். நீளமான லைனின் கோடியில் இருக்கும் தோட்டத்து வீட்டில், தண்ணீர் பம்ப் ஓடத் தொடங்கும்போது விளக்கு ஒரு தடவை இறங்கி ஏறுவது வோல்டேஜ் சமாச்சாரம். வீடு முழுக்க ஒரே நேரத்தில் விளக்கு கூடிக் குறைந்தால் நியூட்ரல் தளர்ந்திருக்கலாம், தள்ளிப்போடாமல் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக மின்னுகிறதா? சுவிட்சில் சின்னச் சிவப்பு அடையாள விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் மின்னோட்டம்தான். பட்டன் வகை டிம்மரிலும் இது வரும். விளக்கின் அருகே பொருத்தும் பைபாஸ் என்ற சின்னக் கருவி இதைத் தீர்க்கும். பட்டன் டிம்மர் அணைந்திருந்தாலும் விளக்கு ஹோல்டரில் மின்சாரம் இருக்கலாம், பல்பு மாற்றும்போது எம்சிபியை இறக்குங்கள்.

நடுவில் மட்டும் ரீங்காரம் கேட்டு, முழு வெளிச்சத்திலும் குறைந்த வெளிச்சத்திலும் கேட்கவில்லை என்றால் டிம்மர் வகையும் டிரைவரும் ஒத்துப்போகவில்லை. வகை மாற்றும் டிம்மர் என்றால் மற்ற வகைக்கு மாற்றிப் பாருங்கள். டிம்மர் லேசாகச் சூடாக இருப்பது சகஜம். முகப்பில் வைத்த கையை உடனே எடுக்க வேண்டிய அளவுக்குச் சுட்டால் அணைத்துவிட்டுக் கணக்கை மறுபடி போடுங்கள். ஒரே முகப்பில் இரண்டு மூன்று டிம்மர் அடுத்தடுத்து இருந்தால் ஒன்றின் சூடு மற்றதைத் தாக்கும், ஒவ்வொன்றின் சுமையையும் இன்னும் குறைக்க வேண்டும். எவ்வளவு என்று அதன் காகிதத்தில் இருக்கும்.

எல்லாம் சரியாக எரிகிறது என்றால் அதே மாடல் விளக்கு இரண்டு கூடுதலாக வாங்கி எடுத்து வையுங்கள். கம்பெனிகள் அதே பெயரில் உள்ளே டிரைவரை மாற்றிவிடுவார்கள், அடுத்த வருடம் வாங்கும் ஒன்று பழையவற்றோடு சேர்ந்து மங்காது. விளக்கின் மாடல், டிம்மரின் மாடல், மொத்த வாட் மூன்றையும் ஒரு டேப்பில் எழுதி டிபி பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து வரும் வயர்மேன் சீலிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்காது.